காலி செய்யாத வீடு

இனாமாக ஏதாவது கிடைக்கிறது என்றால் இன்றைக்கும் நான் இரண்டடி பின்னால் போய் நிற்பேன். கடைக்காரர் கூடுதலாக ஒரு தேங்காய் போட்டால் அதைக் குலுக்கிப் பார்க்காமல் பையில் வைக்க மாட்டேன். இந்தப் புத்தி எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாவுக்கு எஸ்டேட்டிலிருந்து வந்தது.

எண்பதுகளின் நடுவில், கரடியூர் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் ஒற்றை அறை வீடுகள். ஓட்டில் பாதி விரிசல். மழைக்காலத்தில் குண்டா, சட்டி எல்லாம் ஒழுகும் இடத்தில் இருக்கும். சமைக்க ஒன்றும் மிஞ்சாது. எஸ்டேட்டில் வேலை இருக்கிறவரைக்கும்தான் வீடு. மிளகு பறிக்க ஏறிய ஏணி சரிந்து அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவோ காப்பிப் பழம் எடுக்கும் பருவத்துக்கு மட்டும் கூப்பிடுகிற ஆள். எங்களை ஏன் இன்னும் கிளப்பவில்லை என்று எங்களுக்கே தெரியாது. கேட்டால் அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும் என்று கேட்கவும் இல்லை.

அப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் எஸ்டேட் ரைட்டர் வந்து லைன் முன்னால் நின்றார். யாருக்கு எந்த வேலை, யாருக்கு எந்த வீடு என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும்.

“முதலாளி உங்க எல்லாத்துக்கும் ஓட்ட எடுத்துட்டுப் புதுசா ஷீட் போட்டுத் தர்றாரு. ஒரு மாசம் குடோன்ல போய் இருந்துக்கங்க. வேலை முடிஞ்சதும் அவங்கவங்க ஊட்டுக்கு வந்துரலாம்.”

எல்லோருக்கும் வாயெல்லாம் பல். அம்மா மட்டும், “எதுக்குங்க இப்போ?” என்றாள்.

“எதுக்கா? நனையறீங்களேன்னுதான்.”

அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, “ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்” என்றாள்.

அவள் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. காப்பி விலை விழுந்துவிட்டது என்று அந்த வருஷம் சம்பளத்தையே இழுத்து இழுத்துக் கொடுத்தார்கள். சேலத்திலிருந்து கார் போட்டு வந்து இடம் பார்ப்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். பக்கத்து எஸ்டேட்டில் காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டு பங்களா கட்ட மனை பிரித்தார்கள். இந்த லட்சணத்தில் கூலிக்காரன் தலைக்கு மேல் ஷீட் போட யாருக்குக் கை வரும்?

எங்கள் லைனில் ஒரு பேச்சு உண்டு. அடுப்பு எரிகிற வீட்டை யாரும் காலி வீடு என்று சொல்ல முடியாது; யார் அடுப்பு எரிகிறதோ அவர்கள் வீடு. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் சட்டி பானையோடு குடோனுக்குப் போக, நாங்கள் மட்டும் உள்ளேயே இருந்தோம். ஆட்கள் வந்து எங்கள் தலைக்கு மேல் ஓட்டைப் பிரித்தார்கள். அம்மா ஒரு கையில் குடை, ஒரு கையில் துடுப்போடு களி கிண்டினாள். களியில் கரித்தூசி விழுந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது.

ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காவுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவள் புருஷன் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு போர்வெல் லாரியோடு வடநாட்டுக்குப் போனவன். நினைத்தால் பணம் அனுப்புவான். எனக்குத் தலை பின்னி விடுவது அவள்தான். குடோனிலிருந்து ஒருநாள் வந்தாள்.

“ஏனுங்கக்கா, பிள்ளைய வெச்சுக்கிட்டு இப்பிடி நனையறீங்க. எம் பக்கத்துல எடம் புடிச்சு வெச்சிருக்கறனுங்க. வாங்க.”

“நீ போ கண்ணு. நான் பாத்துக்கறேன்.”

அவள் தலை மறைந்ததும் அம்மா என்னிடம், “இவள யாரு அனுப்புனாங்களோ” என்றாள். இனிமேல் அவளிடம் தலை பின்னிக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னாள். அடுத்த முறை அந்த அக்கா சீப்போடு வந்தபோது நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு வரவில்லை.

எங்களை நகர்த்த முடியாமல், ஷீட் போடுகிறவர்கள் எங்களைச் சுற்றியே வேலையை முடித்தார்கள். சொன்னபடி எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஒழுகாத கூரையைப் பார்த்து, “இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?” என்று அம்மாவைக் கேலி செய்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அந்த அக்கா தன் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்தேன். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. கதவில் புதுப்பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால், உள்ளே எஸ்டேட் லாரி டிரைவரின் டிரங்குப் பெட்டி ஏற்கெனவே வந்துவிட்டது.

அம்மா நேரே ரைட்டரிடம் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“அவ புருஷன் பேரு எஸ்டேட்ல இல்லியேம்மா” என்றார் ரைட்டர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நெசத்தச் சொல்றேன். டிரைவருக்குன்னு பாத்து வெச்சது உன்னோட ஊடு. நீ நகரல. யாராச்சும் ஒருத்தர் போயித்தான ஆகணும்?”

திரும்பி வந்ததும் அம்மா அந்த அக்கா நின்ற வாசலுக்குப் போனாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அந்த அக்காவின் சாமான் மூட்டையைத் தூக்கி எங்கள் வீட்டுக்குள் வைத்தாள். பெரிய பிள்ளையைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து தலையைத் துவட்டினாள். அந்த அக்கா அழுதாள். எனக்கு என் அம்மாவைப் போல் உண்டா என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கலாம் என்று மூலையில் மூன்று கல்லைக் கூட்டினாள். அம்மா சட்டென்று குனிந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டாள்.

“எத்தன நாள் வேணும்னாலும் இரு கண்ணு. எஞ்சட்டியிலயே சாப்புடு. இந்த ஊட்டுல தனியா அடுப்பு மட்டும் மூட்டாத.”