மரியதாஸ் சேரின் இரண்டு பென்சில் புள்ளிகள்

மரியதாஸ் சேர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஏணியில் நின்று வீட்டு விறாந்தைச் சுவருக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கீழே நின்று, நான் அடித்த இடங்களை விட்டுவிட்டு அடிக்காமல் விட்ட இடங்களை மட்டும் விரலால் காட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் கைபேசி விடாமல் அதிர்ந்தது. எங்கள் பொறியியல் பீடத்தின் வட்ஸ்அப் குழு. காலை வணக்கம் சொல்லும் ரோசாப்பூ ஒன்றுக்கும், யாரோ தொலைத்த குடையைப் பற்றிய விசாரிப்புக்கும் நடுவில் அந்த வரி கிடந்தது. நித்திரையிலேயே போய்விட்டாராம். திரும்பத் திரும்ப வாசித்தேன். அஞ்சலிகள் குவிந்து முடிந்த பிறகும் குடைக்காரர் இன்னொரு தடவை கேட்டிருந்தார்.

ஏணியால் இறங்கினேன். அப்போது சுவரின் வலப்பக்க மூலை மட்டும் பெயின்ற் படாமல் மிஞ்சியிருந்தது. அந்த மூலைக்குப் பிறகு வருகிறேன்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. அறியாதவர்களுக்கு: கலாநிதி மரியதாஸ் எங்கள் பீடத்தில் குடிசார் பொறியியல் படிப்பித்த சிரேஷ்ட விரிவுரையாளர். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனும் தமையனும் கடற்றொழில். பக்கத்து அறையில் கணிதம் படிப்பிப்பவன் நான். எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய பலகைத் தடுப்பு. ஆகவே அவரைப் பற்றி எனக்குத் தெரியாத சங்கதி குறைவு. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல வேண்டாம், காதில் விழுந்தது.

எங்கள் பீடத்தின் இணையப் பக்கத்தில் ஒவ்வொருவர் படத்துக்குக் கீழும் கல்விப் பின்னணி, ஆய்வு ஆர்வம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. ஓய்வாக இருக்கும்போது வாசித்துப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. ஒருவர் நிலத்துக்கடியில் ஓடும் ரயில்களில் கலாநிதி. கிளிநொச்சியில் நிலத்துக்கு மேல் ஓடும் ரயிலையே அவர் தவறவிட்டு, பஸ்ஸில் வருகிறவர். இன்னொருவர் தானாக நடக்கும் இயந்திரங்களில் நிபுணர். அவர் செய்த இயந்திரம் நடைபாதையில் படுத்திருந்த நாயைக் கண்டதும் நின்றது. இன்றுவரைக்கும் நாய்தான் விலகவேண்டும். என் கதை இன்னும் மோசம். ஒரு சமன்பாட்டுக்குத் தீர்வு உண்டு என்று நிறுவித்தான் பட்டம் வாங்கினேன். அந்தத் தீர்வு என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்டால், உண்டு என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இந்தக் கூட்டத்திலும் மரியதாஸ் சேரின் பின்னணிதான் அதிகம் சிரிப்பு மூட்டியது. அவர் வருடத்தில் பாதி நாள் வெண்பனி மூடிக்கிடக்கும் ஒரு நாட்டுக்குப் போய், நிலத்துக்குள் ஊறிய தண்ணீர் குளிரில் உறைந்து மண்ணை எப்படி மேலே தூக்குகிறது, அதனால் வீதிகள் எப்படி வெடிக்கின்றன என்று ஆராய்ந்து பட்டம் பெற்றவர். திரும்பி வந்து சேர்ந்த இடமோ, சித்திரை மாதத்தில் தார் வீதி செருப்பைப் பிடித்து இழுக்கும் வன்னி. புதிய மாணவர்களை வரவேற்கும் நாளில் விரிவுரையாளர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் ஆய்வைச் சொல்வது வழக்கம். அப்படி ஒரு நாளில் கரண்ட் இல்லை, விசிறிகள் நின்றுவிட்டன. சேர் எழுந்து வியர்வையைத் துடைத்துவிட்டு, "நான் உறைபனி" என்றார். மண்டபம் அடங்கக் கனநேரம் பிடித்தது. அன்றிலிருந்து அவருக்கு ஐஸ் சேர் என்று பெயர்.

அவருடைய தமையன் யோசேப் அண்ணை இதையெல்லாம் விடப் பெரிய ஆள். ஒருமுறை எங்கள் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "தம்பி, ஐஸைப் பற்றிப் படிக்க ஏன் அவ்வளவு தூரம் போனனீ? எங்கட வாடியில மீன் போடுற பெட்டியில இல்லாத ஐஸோ?" சேர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்கட பெட்டிக்குள்ள மண் இல்லையே அண்ணை." "இருக்கடா, நல்லாக் கழுவாட்டி இருக்கு!"

திரும்பி வந்து ஒன்றிரண்டு வருடங்கள் சேர் பழைய தரவுகளை வைத்தே கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். அதை மாற்றியவர் மாங்குளத்துக்கு உள்ளே வீட்டுத்திட்டத்தில் குடியிருந்த முருகையா. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் கமம் செய்த குடும்பம். பீடத்தில் காவலராக இருந்த உறவினரைப் பிடித்து, வீட்டைப் பார்க்க ஒரு "இஞ்சினியர் சார்" வேண்டும் என்று கேட்டார். அனுப்பப்பட்டவர் மரியதாஸ் சேர். வேடிக்கை பார்க்கப் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஏறியவன் நான்.

"பாருங்க சார், செவுத்து வெடிப்புல கைய வச்சா அந்தப் பக்கம் வெளிய தெரியுது" என்றார் முருகையா. "சீமெந்த முழுங்கிட்டான் சார், கட்டுன பய."

"கட்டினது ஆர்?" என்று சேர் கேட்டார்.

உள்ளேயிருந்து முருகையாவின் மனைவி சொன்னார்: "யாரு, இவரு மருமவன்தான். பேச்சுவார்த்தை இல்ல. மவளும் வாறதில்ல, பேரப்புள்ளயும் வாறதில்ல."

சேர் சுவரைப் பார்த்தார். பிறகு குந்தி முற்றத்து மண்ணைப் பார்த்தார். கறுத்த களிமண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து சுவர் வெடிப்பின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு புள்ளி வைத்தார். இடைத்தூரத்தை அடிமட்டத்தால் அளந்து, திகதியோடு சுவரிலேயே எழுதினார். "இப்ப ஆரையும் ஏசாதேங்கோ. மாரி முடியட்டும்" என்றார்.

மாரி முடிந்து போனோம். புள்ளிகள் இரண்டும் கிட்ட வந்திருந்தன. வெடிப்பு ஒரு கோடாகச் சுருங்கியிருந்தது. "சீமெந்து குறைஞ்ச சுவர் மழையைக் கண்டு திருந்தாது அண்ணை" என்றார் சேர். "கோடையில உங்கட மண் சுருங்குது, மாரியில ஊதுது. வீடு அதுக்கு மேல மூச்சு விடுது. மருமோனைக் கூப்பிடுங்கோ." அடுத்த தடவை போனபோது பேரப்பிள்ளை அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் தானும் ஒரு பூனை வரைந்திருந்தது.

திரும்பும் வழியில் சேர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "இஞ்ச பாரும், அங்க தண்ணி உறைஞ்சு தூக்குது. இங்க ஊறித் தூக்குது. நான் இவ்வளவு நாளும் இதை விட்டிட்டு என்ன செய்தனான்?"

அதன் பிறகு ஓமந்தையிலிருந்து பரந்தன் வரைக்கும் சுவர் சுவராகப் புள்ளி வைத்தார். வெடிப்பைக் கண்டால் மனிதர் முகம் மலர்ந்துவிடும். கல்யாண வீட்டில் மணமக்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, மாப்பிள்ளையின் தகப்பனைக் கவலைப்பட வைத்ததும் உண்டு. என் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் கை கழுவ முன்னமே விறாந்தை மூலையில் இரண்டு புள்ளி வைத்துவிட்டார். "வீடு விழுமோ சேர்?" என்று என் மனைவி பதறினார். "வீடு விழாது பிள்ளை. இவர் அடிச்ச ஆணிதான் விழும்" என்றார். அன்றிரவே படம் மாட்டிய ஆணி விழுந்தது. அது அறிவியல் அல்ல, என் கைராசி.

இனி அவரை உண்மையாகவே அரித்த விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குப் பேராசிரியராக வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஒளிக்கவும் இல்லை. பீடாதிபதி அவருக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார்: "மரியதாஸ், உம்மட பழைய ஆக்களோட சேந்து நாலு உறைபனிக் கட்டுரை எழுதும். பேராசிரியர் ஆனாப் பிறகு எந்தச் சுவரையெண்டாலும் கட்டிப்பிடியும்."

"உறைபனியைப் பாக்க அங்க கனபேர் இருக்கினம் சேர். அதோட அங்கத்தைய வீதியள் இங்கத்தைய வீட்டுக்காரர் மாதிரி எனக்குத் தேத்தண்ணி தாறேல்லை" என்றார் மரியதாஸ் சேர்.

பேராசிரியர் பதவிக்கான நேர்முகத் தேர்வு முடிந்து வந்த நாள் கன்ரீனில் என் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"என்ன சேர் கேட்டவை?"

"உம்மட படிப்பு உறைபனி, உம்மட கட்டுரை முழுக்க வன்னிச் சுவர், ரெண்டுக்கும் என்ன தொடர்பு எண்டு கேட்டவை."

"நீங்கள்?"

"ரெண்டிலையும் தண்ணிதான் மண்ணைத் தூக்குது எண்டன். எல்லாரும் சிரிச்சவை. சிரிச்சுப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டவை."

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்: "இஞ்ச பாரும், பகிடி இல்லாமல் சொல்லும். நான் துறை மாறிப் போட்டனோ?"

பகிடி இல்லாமல் எனக்குப் பேச வராது என்பது அவருக்குத் தெரியும். "இருக்கு எண்டு நானே நிறுவின தீர்வை இன்னும் தேடிக்கொண்டு திரியிறன். என்னட்டையோ சேர் கேக்கிறியள்?" என்றேன். சிரித்தார். ஆனால் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

பேராசிரியர் பதவி கிடைக்காதது மட்டும் அவரை வருத்தவில்லை. ஊரில் அவர் வெளிநாட்டுக்குப் போன நாளிலிருந்தே அவரைப் புரொபசர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் "புரொபசர் வாறார்" என்று குரல் எழும். சேர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும், படலை படலையாக நின்று "இன்னும் இல்லை, இன்னும் இல்லை" என்று திருத்திக்கொண்டு போவார். அவர் மனைவி புஷ்பம் ரீச்சர் சொல்லிச் சிரிப்பார்: "எங்கட வீட்டுக்குக் கால் மணித்தியாலம் பிந்தித்தான் வரேலும். அவ்வளவு படலை."

அந்த நேர்முகத்துக்குப் பிறகு இரண்டு காரியம் செய்தார். இணையப் பக்கத்தில் தன் ஆய்வு ஆர்வத்தை மாற்றி, "தண்ணீர் மண்ணைத் தூக்குவது" என்று எழுதக் கொடுத்தார். பக்கத்தைப் பராமரிப்பவர் மிச்சம் எங்கே என்று கேட்டபோது "அவ்வளவுதான்" என்றார். இரண்டாவது, உறைபனித் தரவையும் முருகையா வீட்டுத் தரவையும் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். இரண்டையும் ஒரே சமன்பாட்டுக்குள் அடக்க முடியுமா என்று கேட்டார். ஏறக்குறைய அடங்கின. என் கணிதத்தில் மண் பட்டது அதுதான் முதல் தடவை. கட்டுரை வெளியாயிற்று. மறுபடி விண்ணப்பித்தார். நேர்முகத்துக்கு நாள் குறிக்க முன்னம் நாள் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு பிரச்சினை நடந்துகொண்டிருந்தது. யோசேப் அண்ணை கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் அடித்து பரந்தன் சந்தியிலும் பீட வாசலிலும் ஊர் முகப்பிலும் கட்டிவிட்டார். படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் "பேராசிரியர்". அதற்குப் பிறகுதான் "கலாநிதி".

பீடாதிபதி மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, நேர்முகமே இன்னும் நடக்கேல்லை. பாக்கிற ஆக்கள் ஒரு மாதிரிக் கதைப்பினம்."

"ஊர் சொல்லுறதைத்தான் அடிச்சனான்" என்றார் யோசேப் அண்ணை. "செத்தவனுக்கும் நேர்முகம் வைக்கப் போறியளோ?"

புஷ்பம் ரீச்சர் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "அண்ணை, அவர் உயிரோட இருக்கேக்க படலை படலையா நிண்டு 'இன்னும் இல்லை' எண்டு சொன்னவர். இப்ப சொல்ல அவருக்கு வாயில்லை. அந்தச் சொல்லை ஒட்டி மூடுங்கோ."

கையில் பெயின்ற் கறையோடு வந்தவன் நான் ஒருவன்தான். வேலை தெரிந்தவன் என்று நினைத்துப் பசை வாளியை என்னிடம் தந்துவிட்டார்கள். வெள்ளைக் கடதாசி வெட்டி, கோதுமைமாப் பசை தடவி, மூன்று இடத்திலும் ஏறி ஒட்டினேன். யோசேப் அண்ணை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவரை ஊர்ச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம். கடற்கரை மணல். "எங்கட ஊர் மணல் ரோசமுள்ளது, எவ்வளவு தண்ணி குடிச்சாலும் வீங்காது" என்று அவரே சொல்வதுண்டு. ஆகவே அந்த இடத்தில் அவருக்கு அளக்க ஒன்றும் இல்லை.

சில நாளில் மாரி பிடித்தது. விடாத மழை. பீட வாசலிலும் ஊர் முகப்பிலும் கட்டிய பதாகைகளை அதற்கு முன்னமே கழற்றிவிட்டார்கள். பரந்தன் சந்தியில் பஸ் நின்றபோது யன்னலால் எட்டிப் பார்த்தேன். என் பசை மழைக்கு ஊறி, கடதாசி எழும்பி, கழன்று, பதாகைக்குக் கீழே சேற்றில் கிடந்தது. "பேராசிரியர்" கழுவித் துடைத்ததுபோல நின்றது. பீடாதிபதியின் கார் தினமும் அந்தச் சந்தியால்தான் போகிறது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒட்டியவன் நான். பஸ்ஸில் இருந்தே புஷ்பம் ரீச்சருக்குப் போன் எடுத்தேன்.

"ரீச்சர், பரந்தனில ஒட்டின கடதாசி கழண்டு போச்சு. திரும்ப ஒட்டவோ?"

"ஆரும் கழட்டினதோ?"

"இல்லை, மழைதான்."

அவர் பக்கமும் என் பக்கமும் மழை பெய்துகொண்டிருந்தது. ரீச்சர் சொன்னார்: "அப்ப விடுங்கோ. தண்ணி தூக்கினதை நாங்கள் ஏன் அமத்த வேணும்?"

வீட்டுக்கு வந்து நனைந்த சட்டையோடேயே விறாந்தை மூலைக்குப் போனேன். அவர் வைத்த இரண்டு புள்ளிகளும், அவற்றின் கீழே அவருடைய நேரான சின்ன எழுத்தில் திகதிகளும் அளவுகளும். மகளின் அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். புள்ளிகள் கிட்ட வந்திருந்தன. அவருடைய கடைசி வரிக்குக் கீழே, என் கோணல் எழுத்தில், திகதி போட்டு அளவை எழுதினேன். உண்டு என்று நிறுவுவதோடு நிற்காமல் ஒரு பொருளை நான் அளந்து எழுதியது என் வாழ்க்கையில் இதுதான் முதல்முறை.

பின்னால் மனைவி வந்து நின்றார். "அந்த மூலைக்குப் பெயின்ற் அடிக்கேல்லையோ?"

"இல்லை. அந்த ஒரு சாண் இடம் சேருக்கு. அப்பிடியே இருக்கட்டும்."

மனைவி சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப அந்தப் பென்சிலை ஒருக்காச் சீவி வையுங்கோ. கோடைக்கும் எழுத வேணுமெல்லே."