திவாலாகக் காத்திருந்த பல்சியா

ஷியெலி என்ற ஊரில் பள்ளிக்கூடச் சமையல்காரியான பல்சியா, நகை வாங்கியோ ஊர் சுற்றியோ கடனாளி ஆனவள் அல்ல. கணவன் இறந்து ஓராண்டு முடிந்ததற்கு விருந்து போட்டாள், அவ்வளவுதான். குதிரை வெட்டாமல் அது என்ன விருந்து என்று ஒற்றைக்காலில் நின்றவர் கணவனின் அண்ணன் தோலெப்பெர்கென். புகுந்த வீட்டு மூத்தவரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் அவளுக்கு அவர் 'பெரியவர்'. ஊரே வந்து தின்று, இறந்தவனை வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனது. வட்டி மட்டும் போகாமல் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

சம்பளம் வந்த அன்றே வங்கிக்குப் போய்விடும். மாவு வாங்க இன்னொரு கடன். மூச்சு முட்டிய ஒரு நாள் அரசு சேவை மையத்துக்குப் போனாள். அங்கிருந்த ஜாதிரா என்ற பெண் விவரத்தைப் பொறுமையாகச் சொன்னாள்.

"வீடு மாமனார் பேர்ல இருக்கு, வண்டி இல்ல. அப்போ கோர்ட்டுக்குப் போகாமலே நீங்க திவால் கேக்கலாம்க்கா. ஆனா முழுசாப் பன்னெண்டு மாசம் கடனுக்கு எதுவுமே கட்டியிருக்கக் கூடாது. நடுவுல ஒரு தெங்கே காசு போனாலும் கணக்கு மறுபடி முதல்லருந்துதான்."

திவாலானவர் பெயரை அரசாங்கம் ஊரறியப் பட்டியலில் போடும், ஐந்து வருடம் யாரும் கடன் தரமாட்டார்கள் என்றும் சொன்னாள். தராமல் இருந்தால் புண்ணியமாகப் போகும் என்று நினைத்துக்கொண்டாள் பல்சியா.

கட்டாமல் இருப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இருந்து பார்க்கட்டும். போன் அடித்தால் அதைத் தலையணைக்கு அடியில் திணித்துவிடுவாள். பாதிச் சம்பளம் மிஞ்சினாலும், திருடிய காசு மாதிரி கையைச் சுட்டது. வெட்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அங்கேதான் தப்புச் செய்தாள். அவள் போனை எடுக்காததால் வசூல்காரர்கள் பெரியவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கெடு முடிய இன்னும் ஒரு மாதம்கூட இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் வந்தார். தொப்பியைக் கழற்றாமலே, மூத்தவருக்கென்று விடும் மேலிடத்தில் உட்கார்ந்தார். அவள் பால் தேநீரைக் கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாக ஊற்றி நீட்டினாள். மரியாதைக்குரிய விருந்தாளிக்கு அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். விளிம்பு வரை நிறைத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"நம்ம வீட்டு மருமகள கண்டவனும் மிரட்டுறதா? காளைக் கன்னு ஒன்ன வித்து நேத்தே உன் கடனுக்குக் கட்டிட்டேன். இனி மாசாமாசம் முடிஞ்சத நானே கட்டுறேன். நீ நிம்மதியா இரு."

பல்சியா தேநீர்ப் பாத்திரத்தை ஓரமாக வைத்தாள். போனை எடுத்துப் பார்த்தாள். பணம் வரவு, நன்றி என்று வங்கி எழுதியிருந்தது. கன்றுக்குட்டிப் பணம் வட்டிக்கே போதவில்லை. அவள் பல்லைக் கடித்துக் கடத்திய மாதங்களை மட்டும் ஒன்று விடாமல் விழுங்கியிருந்தது.

"கட்டாதீங்க பெரியவரே," என்றாள். புகுந்த நாளிலிருந்து அவரை எதிர்த்து அவள் பேசியதில்லை. "நான் திவாலாகணும். ஒரு காசும் கட்டாம இருந்தாத்தான் விடுவாங்க. நீங்க கட்டுனதுல எல்லாம் போச்சு."

பெரியவர் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"பட்டியல்ல உன் பேரு மட்டுமா வரும்? கூடவே குடும்பப் பேரா எங்க அப்பா பேரும்ல வரும். நான் உசுரோட இருக்குற வரைக்கும் அது நடக்காது."

அவர் கெட்டவர் என்றால் கதவைச் சாத்தியிருக்கலாம். பாசத்தோடு கழுத்தைப் பிடிப்பவரை என்ன செய்வது? அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. அவர் கிண்ணத்தை நீட்டினார். பல்சியா வாங்கி, விளிம்பு தொட ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

பெரியவர் கிண்ணத்தைப் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்து முடித்து, காலிக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.