பதினேழாம் கேள்வி

மலாய் நாட்டில், லிங்கிப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்த செல்லையாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன், சயாம் ரயில் போட ஜப்பான்காரன் கொண்டுபோன ஆட்களுக்குப் பேர் பதியப் போனான். போனவன் திரும்பி வந்தது அதிசயம்; வந்தும் வராதவனாக இருந்ததுதான் கொடுமை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொயினா மருந்து கொடுத்தார். தாய் நேர்த்தி வைத்தாள். மலாய் மந்திரவாதியான போமோ ஒருவர் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே அவன் செத்துப்போனான்.

இளையவன் துரைசிங்கம் இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவன். சண்டையில் மனசு உடைந்தவர்களிடம் பேசிப் பேசியே குணமாக்க வெள்ளைக்காரப் பட்டாளத்தில் தனி ஆட்கள் இருக்கிறார்கள் என்று சிரம்பானில் ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையில் படித்தான். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. பட்டாளத்து மனோதத்துவ நிபுணன் ஆக வேண்டும். கிராணி வீட்டில் இப்படி ஓர் ஆசை முளைத்தால் ஊர் சும்மா இருக்குமா? 'மூளை டாக்டர்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். லுக்குட் கடைத்தெருவில் சவரம் பண்ணிக்கொள்ளப் போனால்கூட, "டாக்டரே, நம்ம மண்டைய கொஞ்சம் தட்டிப் பாருங்க லா" என்று கேலி செய்தார்கள். அவனும் சிரித்துக்கொள்வான். உள்ளே வலிக்கும்.

காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்து மூன்றாம் வருஷம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழும்பியிருந்தது. நேற்று வரை பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டியவர்கள் காக்கி போட்டுத் துப்பாக்கி தூக்கி ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஆனார்கள். எத்தனை பேருக்கு அந்தத் துப்பாக்கி தாங்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஒருவன் பட்டப்பகலில் மரங்களைப் பார்த்துச் சுட்டுத் தள்ளினான். அதற்குப் பிறகுதான், தோட்டம் தோட்டமாகப் போய் இவர்கள் மனநிலையைச் சோதிக்கப் பட்டாளத்து மனோதத்துவ நிபுணரான ஒரு வெள்ளைக்கார மேஜர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. துரைசிங்கம் தான் பார்த்துவந்த ரயில்வே ஆபீஸ் உத்தியோகத்துக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றான்.

"கவர்ண்மெண்ட் வேலையை உதறிப்போட்டு, விசரருக்குத் துபாஷ் வேலை பாக்கப் போறியோ?" என்று செல்லையா குதித்தார்.

"அண்ணாவோட முறையாக் கதைக்க ஒருத்தர் இருந்திருந்தா அவர் செத்திருக்க மாட்டார் ஐயா," என்றான் துரைசிங்கம்.

செல்லையா உள்ளே போய்விட்டார்.

மேஜர் நல்ல மனுஷர்தான். ஆனால் காகிதத்தை நம்புகிற மனுஷர். முப்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று மட்டுமே பதில். மிரண்டு போய் வருகிறவனைத் துரைசிங்கம் இரண்டு வார்த்தையில் நாற்காலியில் அமர்த்திப் பேச வைப்பதைப் பார்த்துவிட்டு, "இந்த வேலை முடியட்டும். இங்கிலாந்தில் என் பேராசிரியருக்கு உன்னைப் பற்றிக் கடிதம் எழுதுகிறேன். நீ இதற்கென்றே பிறந்தவன்," என்றார். அன்று துரைசிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதினேழாம் கேள்வி இது: அருகில் ஆள் இல்லாதபோது உனக்குக் குரல் கேட்கிறதா?

மந்தின் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் மூன்று பேர் கொஞ்சமும் யோசிக்காமல் ஆமாம் என்றார்கள். ஏன் சொல்ல மாட்டார்கள்? வருஷா வருஷம் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவர்கள். முனியாண்டி வந்து காதில் சொல்லாமல் குறி எப்படிச் சொல்வது? அது அவர்களுக்குப் பெருமை. துரைசிங்கம் மேஜருக்கு விளக்கிப் பார்த்தான். "ஆமா, இல்லையா?" என்றார் அவர். ஆமாம் என்றே எழுதினார். மூன்று பேருக்கும் துப்பாக்கி போனது. 'சர்க்காரே இவனுங்க பைத்தியம்னு எழுதிருச்சு' என்று லயத்தில் பேச்சானது. நிச்சயமாகியிருந்த கல்யாணம் ஒன்று நின்றுபோனது.

அதன்பிறகு துரைசிங்கம் ஒரு முடிவெடுத்தான். சாமி வரும் என்று யார் சொன்னாலும் மேஜரிடம் இல்லை என்று சொல்லிவிடுவான். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். காகிதங்கள் சுத்தமாக வந்தன, மேஜருக்குத் திருப்தி, கடிதமும் கிட்டே வந்தது. இதெல்லாம் அவன் மனசில் இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

கடைசியாக அப்பாவின் தோட்டத்துக்கே வந்தார்கள். அங்கே முருகையா இருந்தான். மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிக்கும்போது அவனுக்குச் சாமி வருவது அந்தத் தோட்டத்துக்கே தெரியும். நான்கு மாதத்துக்கு முன், அவன் தம்பி ஆறுமுகத்தை தோட்டத்தின் ஆறாம் நம்பர் மலையில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது காட்டுக்காரர்கள் கொன்று போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு முருகையா மெலிந்திருந்தான். யார்தான் மெலிய மாட்டார்கள் என்று துரைசிங்கம் நினைத்தான்.

பதினேழாம் கேள்வி வந்தது.

"கேக்குதுங்கையா," என்றான் முருகையா. கண் வேலிக்கு அப்பால் போயிற்று. "வெடிகாலையில, பெரட்டுக்கு ஆளுங்க கூடறதுக்கு முன்னாடி. கூப்புடுது."

துரைசிங்கம் பேனாவோடு காத்திருக்கும் மேஜரை ஒரு தரம் பார்த்தான். மேலே கேட்கவில்லை.

"சாமிதானே முருகையா?" என்றான்.

முருகையா வாய் திறந்தான், மூடினான். கிராணி வீட்டுப் பிள்ளை 'தானே' என்று கேட்டால் 'இல்லை' என்று சொல்லி எந்தத் தோட்டத்து ஆளுக்குப் பழக்கம்?

"ஆமாங்கையா," என்றான்.

"இல்லை என்கிறான்," என்று துரைசிங்கம் மேஜரிடம் சொன்னான். மேஜர் குறித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலை, ஊரடங்கு எடுக்கும் முன்பே, முருகையா துப்பாக்கியைக் காவல்கூண்டில் சாத்தி வைத்தான். பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். கோயிலுக்குப் போகிறவனைப் போல வெறுங்காலோடு வேலி வாசலைத் திறந்து, ஆறாம் நம்பரைப் பார்த்து நடந்தான். பனிமூட்டத்தில் மரங்களுக்கு நடுவே போன உருவத்தைப் பட்டாளத்து ரோந்து கண்டது. நில் என்று கத்தினார்கள். அவன் நிற்கவில்லை. சுட்டுவிட்டார்கள்.

துக்க வீட்டுக்குத் துரைசிங்கம் போனபோது முருகையாவின் மனைவி ராக்கம்மா எழுந்து நின்றாள். அந்த நிலையிலும் மரியாதை. அவளுக்குக் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தம்பி அண்ணே அண்ணேன்னு கூப்புடறான்னு தெனமும் சொல்லுவாருங்கையா," என்றாள். "உங்ககிட்ட பேசிட்டு வந்த அன்னிக்கித்தான் வயிறாரச் சாப்புட்டாரு. 'சின்னக் கிராணி ஐயாகிட்ட சொல்லிட்டேன் புள்ள, வெள்ளக்காரன் எழுதிக்கிட்டான், இனிமே மருந்து வந்துரும்'னாரு. அந்த மருந்து எப்பங்கையா வர்றதா இருந்துச்சு?"

துரைசிங்கம் வாசலைத் தாண்டி வந்து ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். அண்ணன் செத்தபோதுகூட அவன் அப்படி அழவில்லை.

மறுநாள் பட்டாளத்து முகாமில் மேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் முருகையாவின் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, "தாளில் 'இல்லை' என்றுதான் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்," என்று ஓர் உறையை மேசைமேல் வைத்தார். இங்கிலாந்துக் கடிதம். முந்தின வாரமே கையெழுத்துப் போட்டிருந்தார். துரைசிங்கம் அதை வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருக்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆறாம் நம்பருக்குப் போனான். புருஷன் விழுந்த இடத்திலிருந்து நாலு மரம் தள்ளி, ராக்கம்மா வாளியோடு பால் எடுத்துக்கொண்டிருந்தாள். காரியம் முடியும் வரை காத்திருக்கத் தோட்டம் விடுமா? அவளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். சாமிதானே என்று தான் கேட்டதை, முருகையா ஆமாம் என்றதை, மேஜரிடம் தான் இல்லை என்று சொன்னதை.

ராக்கம்மா கிண்ணத்திலிருந்த பாலை வாளியில் ஊற்றினாள். கடைசிச் சொட்டு விழும் வரை கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

"நீங்க சாமியான்னு ஏங்கையா கேட்டீங்க?" என்றாள். "யாருன்னு கேட்டிருந்தா, ஆறுமுகம்னு சொல்லியிருப்பாரே."

அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

துரைசிங்கம் சீமைக்குப் போகவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பேர் பதிகிற வேலைக்குச் சேர்ந்து, முப்பத்திரண்டு வருஷம் அங்கேயே இருந்தார். 'மூளை டாக்டர்' என்ற பட்டமும் கடைசி வரை கூடவே இருந்தது. காய்ச்சலென்று வந்தாலும், கையில் கத்தி பட்டு வந்தாலும், பேரை எழுதிய பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "வேறென்ன?" என்று கேட்பார். எதிரே இருப்பவர் வாய் திறக்கும் வரை, டிரசர் எத்தனை தரம் சத்தம் போட்டாலும், அடுத்தவரைக் கூப்பிட மாட்டார்.