கோலுக்கும் செருப்பு உண்டு: பழைய சீவரம் மலையில் மூன்று ஜோடி மலையேற்றக் கோல்கள்

பங்குனியில் பர்வத மலை ஏற என் பேத்தி மதுமிதா ஒரு குழு சேர்த்திருக்கிறாள். வாரம் முழுக்கச் சென்னையில் வேலை, சனி ஞாயிறு வந்தால் முன்பின் தெரியாதவர்களைக்கூடப் பத்திரமாக மலையேற்றிக் கூட்டி வருகிற பெண். சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான், மறைப்பானேன். "ஆயா, நீயும் வா" என்றாள். நான் உடனே தலையாட்டினேன். என் ஓரகத்தி பச்சையம்மாளும் வருகிறேன் என்றாள். அவள் மகன்தான் குறுக்கே நின்றான். அவளுக்கு வலது முழங்கால் இரண்டு வருஷமாகத் தகராறு.

"மொதல்ல சீவரம் மலைய ஏறி ஒய்ங்கா எறங்கிக் காட்டு. அப்பால பர்வத மலையப் பேசலாம்" என்று சொல்லிவிட்டான்.

அப்படித்தான் மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கிளம்பினோம். பரிசோதிப்பதற்காக மதுமிதா மூன்று ஜோடி கோல்கள் அனுப்பியிருந்தாள். எது கைக்கு ஒத்துவருகிறதோ அதையே வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. மலைக்குப் போக நினைக்கிற, அதுவும் எங்களைப் போல முழங்காலோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டே போகிறவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன்.

உத்திரமேரூரிலிருந்து காலை ஆறரைக்கு சாலவாக்கம் பஸ். டவுன் பஸ் என்பதால் எங்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கிருந்து திருமுக்கூடலுக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு முப்பது ரூபாய். மொத்தத்தில் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். ஆட்டோக்காரர் கோல்களைப் பார்த்துவிட்டு, "இன்னா ஆயா, ஆளுக்கு ரெண்டு மூணு கோலு? ஆடு ஓட்டப் போறீங்களா?" என்றார்.

"ஆமா நைனா. ஒன்ன மாதிரி ஒண்ணு பட்டிய வுட்டு ஓடிப்போச்சாம், தேடிக்கினு போறோம்" என்றாள் பச்சையம்மாள். ஆட்டோவில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவரும்தான்.

இத்தனைக்கும் வீட்டில் கோலைத் தொடவே மாட்டேன் என்றவள் அவள். கையில் தடி பிடித்தால் ஊரே கிழவி என்று சொல்லும் என்பது அவள் பயம். "ஒண்ணு புடிச்சாத்தான்டி கெயவி, ரெண்டு புடிச்சா டிரெக்கிங்" என்று சொல்லித்தான் கிளப்பினேன்.

முதலில் பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கி, பாலாற்று மணலில் நடந்து பார்த்தோம். முதல் ஜோடி தொள்ளாயிரம் ரூபாய், அலுமினியம். நீளத்தைத் திருகி இறுக்க வேண்டும். என் விரல்களுக்கு அந்தத் திருகு பிடிபடவில்லை. இறுக்கிவிட்டேன் என்று நினைத்து ஊன்றினால் கோல் மெல்ல உள்ளே போகிறது, கூடவே நானும் குனிகிறேன். விரல் மூட்டு வலிக்கிறவர்கள் இந்த வகையை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது ஜோடி ஐயாயிரத்து ஐந்நூறு. கரும்புச் சக்கை மாதிரி எடையே இல்லை. மூன்றாக மடங்கிப் பைக்குள் போய்விடுகிறது. அழகென்றால் அப்படி ஒரு அழகு! பெட்டியில் இருந்த இங்கிலீஷ் எனக்குப் புரியாது, நம்பர் புரியும்: நீளம் 120 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஐந்தடிக்கும் குறைவான நாங்கள் அதைப் பிடித்தால் தோள் இரண்டும் காதுக்கு ஏறுகிறது. உயரமானவர்களுக்கு அது தங்கம். எங்களுக்கு இல்லை. விலையைப் பார்த்து வாங்கக் கூடாது என்பது அங்கே தெரிந்தது.

மூன்றாவதுதான் எங்கள் கோல். இரண்டாயிரத்து இருநூறு. கிளிப்பைத் திறந்து, நீட்டி, அழுத்தி மூடினால் முடிந்தது. நேராக நின்று கோலை ஊன்றும்போது முழங்கை அரிவாள் மடங்குகிற மாதிரி மடங்க வேண்டும் என்று மதுமிதா சொல்லியிருந்தாள். எனக்கு 100, பச்சையம்மாளுக்கு 95. பிடி தக்கையில் செய்தது, வியர்வையில் வழுக்கவில்லை. நுனிக்கு மேலே இருக்கிற வட்டத் தட்டு மணலில் புதையாமல் காக்கிறது. நுனி இரும்பு. அதன்மேல் ஒரு கறுப்பு ரப்பர் மாட்டியிருக்கும். பச்சையம்மாள் அதைப் பார்த்த உடனே, "ஐ, கோலுக்கு செருப்பு போட்டுக் கீறாங்கக்கா" என்றாள். அன்று முழுக்க அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதுதான் எங்களைக் கெடுத்தது.

ஆளுக்கு ஒரு ஜோடி வேண்டுமே. இருப்பது ஒரு ஜோடி. மலையில் சோதனை அவளுக்குத்தான் என்பதால் அதை அவளிடமே கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் பையில் போட்டுக்கொண்டேன். பாலத்தைக் கடந்து பழைய சீவரம் வந்தோம். கோயிலையும் மலையையும் பார்த்ததுமே மனசு லேசாகிவிடும். மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரத்துப் பெருமாள் வந்து எழுந்தருளுகிற மலை. மற்ற நாளில் காற்றும் குரங்கும்தான்.

அடிவாரத்தில் பூ விற்கிற அம்மா, "செருப்ப இங்கயே வுட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். கழற்றினோம். பச்சையம்மாள் நின்று யோசித்தாள். பிறகு உட்கார்ந்து இரண்டு கோலின் ரப்பரையும் பிடுங்கி எங்கள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாம்ப வெறுங்கால்ல ஏறுவோமாம், கோலு மட்டும் செருப்போட ஏறுமா? பெருமாளுக்கு அடுக்குமா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இரும்பு நுனி கல்லில் கிறீச்சிட்டது, அவ்வளவுதான். மேலே நின்று பார்த்தால் பாலாறு வெள்ளை வேட்டியை உலர்த்திய மாதிரி கிடக்கிறது, செய்யாறும் வேகவதியும் வந்து சேருகிற இடம் பச்சையாகத் தெரிகிறது. பச்சையம்மாள் மூச்சு வாங்கினாலும் முகம் மலர்ந்திருந்தது. "பையன் பாக்கணும்க்கா" என்றாள்.

இறங்கும்போதுதான் நடந்தது. தேய்ந்து வழவழத்த ஒரு படியில் கோலை ஊன்றினாள். நுனி கல்லில் பிடிக்காமல் சறுக்கியது. அப்படியே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அடி பலமில்லை. ஆனால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழவே மாட்டேன் என்றாள்.

"அவன் சொன்னது சர்தாங்க்கா. நான் வர்ல. நீ மட்டும் போய்க்கினு வா."

அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அவளைப் படியிலேயே உட்காரவைத்துவிட்டு, ரப்பரை எடுத்து வர நான் மட்டும் மெதுவாகக் கீழே இறங்கினேன். விஷயத்தைக் கேட்ட பூக்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"அத்த எதுக்குக் கயட்னீங்க? வயசானவங்க கைத்தடிக்கும் அடியில ரப்பர் கீது. கோயிலு உள்ளாறயே ஊனிக்கினு போறாங்க, யாருனா கயட்டச் சொல்றாங்களா? அது செருப்பு இல்லம்மா, தடிக்குக் காலு!"

அதை அப்படியே போய்ச் சொன்னேன். பச்சையம்மாள் கையை நீட்டி ரப்பரை வாங்கித் தானே மாட்டினாள். இறக்கத்துக்குக் கோல் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். 95ஐ 100 ஆக்கினோம். பிடியில் தொங்குகிற கைவாரில் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்துப் பிடித்தாள். முதலில் கோல் இரண்டும் கீழ்ப்படிக்கு, பிறகுதான் கால். கிறீச் சத்தம் இல்லை. சறுக்கவும் இல்லை. அடிவாரம் வந்து சேர்ந்தோம்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் மறுபடியும் படியில் ஏறிக்கொண்டிருக்கிறாள்.

"எங்கடி போற?"

"நடுவுல குந்திக்கினேன் இல்ல? ஒய்ங்கா எறங்கணும்னுதான அவன் சொன்னான். நீ குந்து, நான் வர்றேன்."

அந்த நேரம் பார்த்து அவள் மகன் எனக்குப் போன் செய்தான். "பெரிம்மா, அம்மா இன்னா பண்ணுது?" என்றான்.

"ஒங்கம்மா ரெண்டாவது தபா ஏறிக்கினு கீறா. நீ மதுமிதாவாண்ட சொல்லி அவ பேரையும் எழுதச் சொல்லு" என்றேன். அந்தப் பக்கம் அவன் சிரித்தான்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கிளிப் வைத்த, நீளம் மாற்றக்கூடிய ஜோடியாகப் பாருங்கள். குள்ளமானவர்கள் அது எவ்வளவு குறையும் என்று கேட்டு வாங்குங்கள். மண்ணிலும் மணலிலும் இரும்பு நுனி, கல்லிலும் தார் ரோட்டிலும் ரப்பர். ரப்பர் தொலைகிற சாமான், உபரியாக ஒரு ஜோடி பையில் போடுங்கள். பர்வத மலையில் சங்கிலி பிடித்து ஏறுகிற இடத்தில் இரண்டு கையும் வேண்டும், கோலைச் சுருக்கிப் பையில் கட்டிவிட வேண்டும் என்று மதுமிதா சொல்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கோலை இறக்கத்தில் சோதியுங்கள். ஏற்றத்தில் எல்லாக் கோலும் நல்ல கோல்தான்.

பச்சையம்மாள் முழுசாக இறங்கி வந்தாள், எங்கும் உட்காராமல். எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கோலைச் சுருக்கித் தரச் சொன்னேன், பையில் போட. தரவில்லை. கடைத்தெரு வழியாக இரண்டையும் ஊன்றிக்கொண்டே வீடு வரை போனாள், தெரிந்தவர்கள் எல்லோரிடமும் நின்று பேசிக்கொண்டு.