கண்ணிமையில் ஒரு வாத்து முட்டை

கேளம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே ஒரு முட்டைக் கடை இருக்கிறது. போன வாரம் அங்கே அட்டைத் தட்டில் வாத்து முட்டைகளைப் பார்த்தேன். லேசாகப் பச்சை ஓடிய வெள்ளை. கை தானாக ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் இடது கண்ணிமையின்மேல் வைத்தது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னாக்கா, கண்ணு வலியா?"

"இல்லப்பா, சும்மா" என்று சமாளித்து, பட்ட வெட்கத்துக்காகவே அரை டஜன் வாங்கிக்கொண்டு வந்தேன். முட்டையில் சூடு இருக்கிறதா என்று பார்க்க உள்ளங்கையை நம்பக்கூடாது, இமையில்தான் வைக்க வேண்டும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கொஞ்சம் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்.

அப்போது நாங்கள் சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே, ஏரிக்குக் கீழே ஒன்றேகால் ஏக்கரில் இருந்தோம். வீட்டுக்காரர் அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பான அணுபுரத்தில் ஒப்பந்த எலக்ட்ரீசியன். நான் வாத்து மேய்த்தேன். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். 'பண்ணை வைத்திருக்கிறேன்' என்பேன். அறுவடை முடிந்த வயல்களில் ஆரணிப் பக்கத்திலிருந்து மந்தை ஓட்டிவந்த ஒருவர், எங்கள் கிணற்றடியில் ஒரு வாரம் தங்கியதற்காக இருபது குஞ்சு கொடுத்துவிட்டுப் போனார். நாட்டு வாத்து. காவி நிறத்தில் இருப்பதால் அந்த வகைக்குச் சன்னியாசி என்று பேர். பேர் வைத்தவர் அது சாப்பிடுவதைப் பார்த்திருக்க மாட்டார். நத்தை, புழு, நெல், என் செருப்பு வார் எதையும் விட்டுவைக்காத சன்னியாசிகள்.

முட்டைகளை ஸ்கூட்டரில் அணுபுரத்துக்குக் கொண்டுபோவேன். மலையாளக் குடும்பங்கள் வாசலிலேயே காத்திருக்கும். தேங்காய்ப்பால் ஊற்றி அவர்கள் வைக்கும் முட்டைக் கறியின் வாசனை மாடிப்படி வரை வரும். ஒருநாள்கூட யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை என்பது தனிக்கதை.

இரண்டாம் வருடம், பக்கத்து வயலில் மருந்து அடித்தது தெரியாமல் வாத்துகள் உள்ளே இறங்கிவிட்டன. மதியத்துக்குள் எல்லாம் போயிற்று. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்று காலையும் முந்தின நாளும் பொறுக்கி, தவிட்டுப் பானையில் வைத்திருந்த ஒன்பது முட்டைகள்தான் மீதி. மறுபடி வாங்கலாமென்றால், கொடுத்தவர் மந்தையை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். கிடைத்ததெல்லாம் வெள்ளை வாத்துகள். எனக்கு அவை வேண்டாம். என் காவிக்காரர்கள்தான் வேண்டும். அந்த ஒன்பதைவிட்டால் வேறு வழியில்லை.

இந்த வாத்துக்கு முட்டையிடத் தெரியும், அடைகாக்கத் தெரியாது. போகிற போக்கில் போட்டுவிட்டுப் போய்விடும். கோழியைத்தான் உட்கார வைக்க வேண்டும். என்னிடம் ஒரு அடைக்கோழி இருந்தது. ஒன்பதையும் வைத்தேன். கோழிக்கடியில் இன்னும் இடமிருக்கிறதே, வீணாக்குவானேன் என்று ஐந்து கோழி முட்டைகளையும் சேர்த்து வைத்தேன். அங்கேதான் என் அறிவு வேலை செய்தது. கோழிக்குஞ்சு இருபத்தொரு நாளில் பொரியும், வாத்து இருபத்தெட்டு நாள் கேட்கும். இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்து நினைத்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

இருபத்தொன்றாம் நாள் ஐந்து குஞ்சுகளும் வந்தன. நான் பூரித்துப்போய் அவற்றின் பின்னாலேயே நொய் தூவிக்கொண்டு திரிந்தேன். ஜாக்கெட் தைத்துக் கொடுக்க வந்த ஷமீம்தான் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு, என் வயதுதான், தையல், கொஞ்சம் கோழி வளர்ப்பு.

"இன்னாம்மா இது? கோழி குஞ்சுங்கள இட்டுகினு சுத்துது, முட்டைங்க அநாதையா கீது!"

 கோழியைப் பிடித்து வைத்தேன், எழுந்து ஓடியது. மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து மூடினேன், முட்டைகளை மிதித்தது. ஷமீம் ஒரு முட்டையை எடுத்து இமையில் வைத்துக் கண்ணை மூடி நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சூடு கீது. துண்டு குடு. எங்கூட்டுக் கோழி ஒண்ணு சும்மாவே அடை கெடக்குது, அடியில ஒண்ணுமில்ல. வெச்சுடறேன்."

நானும் கிளம்பினேன். "நீ வராத. புது ஆளப் பாத்தா கோழி எழுந்துடும்" என்று சொல்லிவிட்டு, ஒன்பதையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வேகுவேகென்று நடந்தாள்.

ஏழு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் காலை அவளே கூடையோடு வந்து நின்றாள். ஏழு குஞ்சுகள், மஞ்சளும் பழுப்புமாக, அத்தனையும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "ஜாக்கெட்டு அளவு சரியா கீதா, அத்த சொல்லு மொதல்ல" என்றாள். ஜாக்கெட் இறுக்கமாக இருந்தது. சொல்லவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, ஷமீமின் வீட்டுக்காரரிடம், சும்மாவே அடை கிடந்த அந்தக் கோழியை வாயாரப் புகழ்ந்தேன். மனிதர் சிரித்தார்.

"சும்மாவா கெடந்துச்சு? பதினோரு முட்ட இருந்துச்சு தங்கச்சி. நாலு மாசம் அலைஞ்சு வாங்கியாந்த கருங்கோழி முட்ட. பத்து நாளு அடை ஆயிருந்துச்சு. எல்லாத்தயும் கொல்லையில பொதச்சா. சேத்து வெச்சா உன் வாத்து பொரிஞ்சதும் கோழி எழுந்துடும், அதுங்களும் பாழுதானேன்னா."

 ஷமீமிடம் கேட்டேன். "அவுரு பேச்ச நம்பாத" என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி.

அந்த ஏழும் பெருகி அறுபதாயிற்று. அதில்தான் பெண்ணைப் படிக்க வைத்தோம். பிறகு நிலம் பங்கு பிரிந்து விலையானது. மந்தையை மதுராந்தகம் பக்கம் ஒரு விவசாயிக்குக் கொடுத்தோம். இரண்டு வருடம் போனில் விசாரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர் நம்பர் மாறிவிட்டது. ஏரிக்கால்வாய் இருந்த இடத்தில் இப்போது மனைக்கற்கள். இந்தக் கடை முட்டைகள் எந்த வாத்தினுடையவோ. இமையில் வைத்தது ஐஸாகக் குளிர்ந்தது.

முட்டையை வேக வைத்துவிட்டு, செங்கல்பட்டில் தையல் கடை வைத்திருக்கும் ஷமீமுக்குப் போன் போட்டேன். இத்தனை வருடம் கழித்தாவது ஒழுங்காக ஒரு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"எத்தினி தபா சொல்றது உனுக்கு? அந்தக் கோழி அடியில ஒண்ணுமே இல்லம்மா."