சலாமிஸ் சண்டையும் சனிக்கிழமை நீச்சலும்

ஆறாம் வகுப்பில், ஒரு போரின் போக்கையே மாற்றிய கடற்சண்டையைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். நான் கிரேக்கரும் பாரசீகரும் மோதிய சலாமிஸைத் தேர்ந்தெடுத்தேன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த மோர்னிங்சைட்டில், எங்கள் அபார்ட்மென்ட் ஹோலில் நீலப் படுக்கை விரிப்பு கடலானது. அப்பாவின் பனிச் சப்பாத்துகள் பாரசீகக் கப்பல்கள். வீட்டுச் செருப்புகள் கிரேக்கக் கப்பல்கள்.

எங்களோடு இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, உடுப்பு மடித்தபடி என் ஒத்திகையைப் பார்த்தார். அவருக்கு விளங்கட்டும் என்று தமிழில் சொன்னேன். பெரிய கப்பல்கள் ஒடுங்கிய கடலுக்குள் அகப்பட்டு, திரும்ப இடமில்லாமல் ஒன்றோடொன்று முட்டின. ஒரே நாளில் போர் திசை மாறியது. பிறகு எனக்கு மிகப் பிடித்த இடம் வந்தது. கப்பல் உடைந்த கிரேக்கர்கள் கரைக்கு நீந்திப் போனார்கள். பாரசீகரில் பலருக்கு நீந்தத் தெரியாது, மூழ்கினார்கள். சொல்லிக்கொண்டே சப்பாத்துகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன்.

சித்தி எழுந்து அறைக்குள் போய்விட்டார். மடித்த உடுப்புகள் தரையில் சரிந்தன. என் பேச்சு அவருக்கு அலுப்படித்துவிட்டது என்று எனக்குக் கோபம்.

ரெலிபோன் அடித்தால்கூட ஆங்கிலத்துக்குப் பயந்து என்னை எடுக்கச் சொல்கிறவர், அடுத்த வாரம் தனியே போய் என் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார்.

"சனிக்கிழமையில இருந்து நீ நீச்சலுக்குப் போறாய்."

"எனக்கு விருப்பமில்லை, சித்தி."

"விருப்பம் பிறகு வரும்."

பனியில் இரண்டு பஸ் மாறிப் போவோம். நீச்சல் குளம் இருந்த மண்டபம் புழுங்கும். மற்றப் பிள்ளைகளின் தாய்மார் கதைத்துக்கொண்டிருக்க, சித்தி மட்டும் ஜக்கெட்டைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் என் தலையையே பார்த்தபடி இருப்பார்.

"நீங்களும் இறங்குங்கோவன்" என்றேன் ஒருநாள்.

"நான் பாத்துக்கொண்டிருக்கிறன். எனக்கு அது காணும்."

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னார். "சித்தியும் சித்தப்பாவும் ஊரிலயிருந்து வள்ளத்தில இந்தியாவுக்கு வெளிக்கிட்ட அண்டைக்குக் கடலில சண்டை. வள்ளம் பிரண்டிட்டுது. வள்ளம் ஓட்டினவர் சித்தியைத்தான் பிடிச்சுக் கரை சேர்த்தவர். சித்தப்பாவுக்கு நீந்தத் தெரியாது." அந்தச் சண்டையோடு போரின் போக்கே மாறிவிட்டதாக அப்போது ரேடியோவில் சொன்னார்களாம்.

இன்று எந்த ஏரியிலும் தயங்காமல் இறங்குகிறேன். எத்தனையோ பேர் எனக்கு எதையெதையோ தந்திருக்கிறார்கள். உயிருக்குக் காவலாக ஒன்றைத் தந்தவர் சித்திதான்.

குளத்தின் ஆழமான பக்கத்தை முதன்முறை ஒரே மூச்சாக நீந்திக் கடந்த நாள் நினைவிருக்கிறது. ஏறி வந்ததும் சித்தி ஓடி வந்து, ஜக்கெட் நனைவதையும் பாராமல் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். எல்லோரும் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கம்.

"குளிருது சித்தி, விடுங்கோ" என்றேன்.

அவர் விடவில்லை.