நாலு வரியில் டொலறஸ் அன்ரி

டொலறஸ் அன்ரியைப் பற்றி நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில், நாலே வரி. அதில் அவருடைய பெயரும் வாத்தியத்தின் பெயரும் மட்டும்தான் உண்மை.

1993 கோடையில் எனக்குப் பட்டம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். வரலாறு படித்தவளை வேலைக்கு எடுக்க யாரும் அவசரப்படவில்லை. கடைசியில் ஆறு பேர் கொண்ட ஒரு பரோக் இசைக்குழுவின் அலுவலகத்தில் கிழமைக்கு மூன்று நாள் வேலை கிடைத்தது. அலுவலகம் என்பது ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறை. முன்னூறு வருடப் பழமையான ஐரோப்பிய இசையை அந்தக் காலத்து வாத்தியங்களில் வாசிப்பவர்கள் அவர்கள். உலோகக் கம்பிக்குப் பதில் ஆட்டுக்குடல் நரம்பு. ஈரக் காற்றுப் பட்டாலே சுருதி கலைந்துவிடும். அந்த இசையை மட்டும் நம்பி யாரும் சாப்பிடவில்லை. செலோக்காரர் மூன்று பள்ளிக்கூடங்களில் படிப்பித்தார். ஹார்ப்சிகோட் என்ற பழங்காலப் பியானோவை வாசித்த பெண் கல்யாண வீடுகளில் பியானோ வாசித்தார்.

வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வியோலாவை வாசித்தவர் டொலறஸ் அன்ரி. ஹவுன்ஸ்லோவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் அவருக்கு விடிகாலை ஷிப்ட். குளிரறையில் தட்டு அடுக்கிவிட்டு, விரல்களைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கியபடி ஒத்திகைக்கு வருவார்.

முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீர் தமிழோ? இந்தக் குகைக்குள்ளை என்ன செய்யிறீர்? படிச்ச பிள்ளையள் எல்லாம் டொக்டருக்கெல்லே போறது?"

"எனக்கு ரத்தத்தைக் கண்டால் ஏலாது, அன்ரி."

"எனக்கும்தான். நேர்ஸ் வேலையை நாலு வருசத்திலை விட்டிட்டன்."

ஒக்டோபர் கச்சேரிக்கு நிகழ்ச்சிப் புத்தகம் தயாரிப்பது என் பொறுப்பு. ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு வரி அதில் வரவேண்டும். அந்த வரிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: இன்னாரிடம் பயின்றார், இன்ன நகரத்தில் உயர்பயிற்சி பெற்றார். நம் ஊரில் "நீங்கள் எந்தப் பகுதி?" என்று சுற்றிவளைத்துச் சாதி விசாரிப்பதுபோல, அவர்கள் குருவின் பெயரை வைத்து ஆளை நிறுத்துப் பார்த்தார்கள்.

டொலறஸ் அன்ரி சொன்னதை நான் குறிப்பெடுத்தேன். யாழ்ப்பாணம் குருநகரில் பிறப்பு. கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் வயலின். 1970இல் நேர்ஸ் பயிற்சிக்கு லண்டன். பிறகு சமையற்கூடம். கவுன்சில் நடத்திய மாலை வகுப்பில் வியோலாவுக்கு ஆள் இல்லையென்று அதைக் கையில் கொடுத்தார்கள். 1981இல் அங்கே வந்த ஹியூ அவர் வாசிப்பைக் கேட்டார். ஹியூதான் எங்கள் குழுவின் தலைவர். கல்லூரியில் படித்தவர்கள் எல்லோரும் விரலை நடுக்கி நாதத்தை அலையவிடப் பழகியவர்கள். பழைய இசைக்காக அந்தப் பழக்கத்தை மறக்கவே அவர்களுக்கு வருடக்கணக்கில் பிடித்தது. அன்ரிக்கோ அதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கோயிலில் வாசித்த மாதிரியே நேராக வாசித்தார். "இவருக்கு மறக்க வேண்டியது ஒன்றுமில்லை" என்று ஹியூ அன்றே சேர்த்துக்கொண்டாராம்.

"இதை எழுதும். பொய் ஒண்டும் எழுதாதையும்," என்றார்.

நான் எழுதியது: "கொழும்பில் இசை பயின்று, நெதர்லாந்தின் ஹேக் நகரில் இரண்டாண்டுகள் உயர்பயிற்சி பெற்றவர்." ஹேக்குக்கு அவர் குழுவோடு போய் இரண்டு நாள் நின்றது உண்மை. நான் நாளை ஆண்டாக்கினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில், ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் என் அப்பாவை "விமானத்துறையில் இருக்கிறார்" என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் என் தோழி ஒருத்தி எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தபோது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. "கௌரி, நான் விமானத்துறையாமே? ஓமோம், பெட்டி ஏத்திறதும் ஒரு துறைதான்," என்று சிரித்தார். அவர் சிரித்ததால் அது பெரிய தவறில்லை என்று எடுத்துக்கொண்டேன். அன்ரியின் தட்டும் குளிரறையும் அந்தப் புத்தகத்தில் வந்தால், அவரைவிட எனக்குத்தான் கூசும் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

சனிக்கிழமை கச்சேரி நன்றாக நடந்தது. முடிந்ததும் பின்னறையில் எல்லோரும் வைன் குடித்துக்கொண்டு நின்றார்கள். விருந்தாளியாக வந்திருந்த ஒரு டச்சுக்காரர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்ரியிடம் வந்தார். ஹேக்கில் எந்த வருடம் படித்தீர்கள், நான் அங்கேதான் படிப்பிக்கிறேன் என்று ஆசையாகக் கேட்டார்.

அன்ரி புத்தகத்தை வாங்கி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மிஞ்சிய புத்தகங்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் அங்கே படிக்கவில்லை. இது பிழை," என்றார் ஆங்கிலத்தில்.

ஹியூவின் முகம் சிவந்தது. குழுவுக்கு உதவித்தொகை கேட்டு நான் அனுப்பிய விண்ணப்பத்திலும் அதே வரிகள் போயிருந்தன. பன்னிரண்டு வருடமாக அவரைத் தெரிந்த ஹியூ, "இதை நீங்களா கொடுத்தீர்கள்?" என்று எல்லோர் முன்னும் கேட்டார். அன்ரி புத்தகத்தை மூடி டச்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். நான் பெட்டியை மூடி நாடா ஒட்டினேன்.

ஹவுன்ஸ்லோ ரெயிலில் இருவரும் அருகருகே இருந்தோம்.

"நான் படிக்காதது உமக்கு வெக்கமாக் கிடந்ததோ?"

"இல்லை, அன்ரி."

"பிறகேன்?"

ஏர்ல்ஸ் கோர்ட் வந்து போனது. ஹமர்ஸ்மித் வந்து போனது.

"ஜனவரியிலை ரெக்கோடிங். எங்கட முதல் சீடி. பன்ரண்டு வருசம் இதுக்குத்தான் பிள்ளை காத்துக்கொண்டிருந்தனான். திங்கக்கிழமை ஹியூவிட்டைச் சொல்லும். நான் சொன்னால் உம்மை மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். நீரே சொல்லும்."

"ஓம், அன்ரி."

திங்கள் ஹியூ அவசரத்தில் இருந்தார். செவ்வாய் எனக்குத் தலையிடி. புதனும் வியாழனும் எனக்கு வேலை இல்லாத நாட்கள். வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். அவர் நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினார். டொலறஸ்தான் பொய் கொடுத்தார் என்று நம்பி, புதன்கிழமையே, கல்லூரியிலிருந்து வந்த ஒரு இளம் பெண்ணை ரெக்கோடிங்குக்கு ஒப்பந்தம் செய்துவிட்டாராம். இனி மாற்ற முடியாதாம். "திங்களே சொல்லியிருக்கலாமே," என்றார். வசந்தகாலக் கச்சேரிகளில் டொலறஸின் இடம் டொலறஸுக்குத்தான், தானே கடிதம் எழுதுவதாகவும் சொன்னார். என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிறு பூசை முடியும் நேரம் பார்த்து அன்ரியின் வீட்டுக்குப் போனேன். ரெக்கோடிங்குக்கு வேறு ஆள் என்ற செய்தி ஏற்கெனவே அவருக்கு எட்டியிருந்தது.

"சொன்னனீரோ?"

"சொல்லிப்போட்டன், அன்ரி."

"எப்ப? திங்கக்கிழமையோ?"

"ஓம். திங்கக்கிழமையே சொல்லிட்டன்."

வாயிலிருந்து தானாக வந்தது. ஐந்து நாள் பயந்து கிடந்தேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

அன்ரி தலையாட்டினார். "அப்ப உண்மை தெரிஞ்ச பிறகுதான் மற்றப் பிள்ளையைப் பிடிச்சிருக்கிறார்." தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிதான். சீடி எண்டால் காலத்துக்கும் கிடக்கிற சாமான். அதுக்குப் படிச்ச கைதான் வேணுமாக்கும்."

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும்.

இரண்டு கிழமை கழித்து ஹியூவின் கடிதம் வந்தது. அன்ரி என்னைக் கூப்பிட்டு வாசிக்கத் தந்தார். இரண்டே வரி: குழப்பம் தீர்ந்தது, ஏப்ரலிலிருந்து நீங்கள் மறுபடி எங்களோடு வாசிக்க வேண்டும்.

"போங்கோ, அன்ரி," என்றேன்.

"மரியாதைக்குக் கூப்பிடுறார், பாவம். நல்ல மனிசன். ஆனால் என்னை ஏன் விட்டவரெண்டு எனக்குத் தெரியும்தானே. பிறகும் போய் இருந்தால், வாசிக்கிற நேரம் முழுக்க அதுதான் காதிலை கேக்கும்." கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "நன்றி, ஏலாது எண்டு வடிவா ஒரு பதில் எழுதித் தாரும். உமக்குத்தானே இங்கிலீஷ் நல்லா வரும்."

எழுதிக் கொடுத்தேன். அவர் கையெழுத்து வைத்தார்.